சக்கரமும் பதிவேடும்

பிழைப்பு நாடி மலையேறிய மக்களுக்கு வரலாறு உண்டோ என்று வினவுவோர் உளர். மன்னர் ஆண்ட ஊருக்குக் கல்வெட்டு உண்டு. கோயில் உள்ள ஊருக்குத் தலபுராணம் உண்டு. தேயிலைத் தோட்டத்து லயத்திற்கும் ரெயில்வே காலனிக்கும் என்ன உண்டு என்பது அன்னோர் வினா. அவ்வினாவிற்கு விடை காணும் சிறு முயற்சியே இக்கட்டுரை. விடையை நான் இரண்டு பொருள்களில் காண்கிறேன். ஒன்று, மூணாற்றுத் தேயிலைக் காட்சிசாலையில் உள்ள ஓர் இரும்புச் சக்கரம். மற்றொன்று, எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இடம்பெறாத பழம் பதிவேடு. முன்னதைக் காண ஆண்டுதோறும் பல்லாயிரவர் வருகின்றனர். பின்னதைத் தேடுவார் மிகச் சிலர். ஆனால் பின்னது இல்லையேல் முன்னது வெறும் இரும்பே.

நான் புலவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன்பின் நான் நாள்தோறும் படித்தவை ரெயில்வே அலுவலகத்துப் பேரேடுகளே. பதிவேட்டோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் என்ற தகுதி ஒன்றே இப்பொருள் பற்றி எழுதும் துணிவை எனக்கு அளித்தது. சங்கத்து அன்பர்கள் பொறுமையோடு படித்தருள வேண்டுகிறேன்.

பொருளும் தாளும்

பொறிகளையும் தொழிற்கருவிகளையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் வழக்கம் மேலைநாட்டில் வேரூன்றியது. 1851 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அதன் பயனாய் 1857 இல் தென் கென்சிங்டன் காட்சிசாலை எழுந்தது. இன்றைய இலண்டன் விஞ்ஞானக் காட்சிசாலை அதன் கிளையேயாகும். ஜெர்மனியில் மின்பொறியியல் வல்லுநர் ஆஸ்கர் வான் மில்லர் 1903 ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்துக் காட்சிசாலையைத் தோற்றுவித்தார். நம் நாட்டில் கல்கத்தாவில் 1959 இல் பிர்லா தொழில்நுட்பக் காட்சிசாலையும், பெங்களூரில் 1965 இல் விசுவேசுவரய்யா பெயரால் ஒரு காட்சிசாலையும் திறக்கப்பட்டன. கேரளத்திற்கு 1984 ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் இத்தகைய காட்சிசாலை வாய்த்தது.

இக்காட்சிசாலைகளுக்குள் ஒரு பொருள் நுழையும்போது முதலில் நடப்பது என்ன? துடைத்துப் பளபளப்பாக்குவது அன்று. ஒரு பேரேட்டில் அதற்கு எண் கொடுப்பது. பொருளின் பெயர், அஃது எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், எந்நாளில் கொடுத்தார், எந்நிலையில் இருந்தது என்ற விவரங்களை அப்பேரேட்டில் எழுதுவர். அவ்வெண்ணையே பொருளின் மீதும் மறைவான ஓரிடத்தில் பொறிப்பர். நமது ஸ்டோர்களில் கையிருப்புப் பேரேடு எழுதுவோர்க்கு இம்முறை புதிதன்று. பேரேட்டில் ஏறாத சரக்கு கணக்கில் இல்லாத சரக்கு. அது காணாமற் போனாலும் கேட்பார் இலர்.

பொருளைவிடத் தாள் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவேன். ஸ்டீவன்சன் குடும்பத்தார் உருவாக்கிய ‘ராக்கெட்’ என்னும் எஞ்சின் 1829 ஆம் ஆண்டில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் நடந்த போட்டியில் வென்றது. அவ்வெஞ்சின் 1862 இல் இலண்டன் காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் காட்சிசாலைக்கு வந்த ராக்கெட் வேறு. போட்டியில் ஓடிய ராக்கெட் வேறு என்று கூறுமளவு இடைக்காலத்தில் அது மாற்றப்பட்டிருந்தது. தொடக்கத்தில் செங்குத்தான சாய்வில் இருந்த அதன் சிலிண்டர்கள் பின்னர் ஏறக்குறையப் படுக்கை நிலைக்கு இறக்கப்பட்டன. பொருளை மட்டும் கண்டவர், அது பிறந்தபோதே இவ்வாறுதான் இருந்தது என்று எண்ணி மயங்குவர். போட்டியின் நடுவருள் ஒருவரான ஜான் ராஸ்ட்ரிக் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தவையும், அக்காலத்துப் படங்களும் எஞ்சியமையாலேயே அதன் முதல் உருவம் உலகிற்குத் தெரிந்தது. இரும்பும் காலத்தால் மாறும். அன்றைக்கே எழுதிய குறிப்பு மாறாது.

மூணாற்றுச் சக்கரம்

நமது மேற்கு மலைக்கு வருவோம். மூணாறு நகரை அடுத்த நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலைக் காட்சிசாலை ஒன்று உளது. 1905 ஆம் ஆண்டைச் சார்ந்த தேயிலை உருட்டும் பொறியும், கையால் இணைப்புத் தரும் 1909 ஆம் ஆண்டுத் தொலைபேசிப் பொறியும், பழைய தட்டச்சுப் பொறிகளும் ஆங்கு உள்ளன. கன்னிமலை எஸ்டேட்டில் 1920களில் மின்சாரம் ஆக்கப் பயன்பட்ட பெல்டன் சக்கரமும் உளது. உயரத்திலிருந்து குழாய் வழியே பாய்ந்து வரும் நீர், சக்கரத்தின் விளிம்பில் வரிசையாய்ப் பொருத்திய இரட்டைக் கிண்ணங்களை மோதிச் சுழற்றுவது அதன் இயக்கம். நீர் குறைவாகவும் உயரம் மிகுதியாகவும் உள்ள மலைநாட்டிற்கு அதுவே ஏற்றது. அரசினர் அமைத்த பள்ளிவாசல் மின்நிலையம் 1940 இல்தான் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்னரே தோட்டத்தில் மின்விளக்கு எரிந்தது என்பதற்கு அச்சக்கரம் சாட்சி. பெரியகானல் எஸ்டேட் அருகே கிடைத்ததும், கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது என்று குறிக்கப்படுவதுமான முதுமக்கள் தாழி ஒன்றையும் அங்கே காணலாம்.

இவற்றிற்கிடையே ரெயில்வே ஊழியனின் கண் தானாகச் சென்று நிற்பது ஓர் எஞ்சின் சக்கரத்தின் மீது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரெயிலின் சக்கரம் அது. மூணாற்றில் ரெயில் ஓடியதா என்று வியப்போர் நம்மிலும் பலர். ஓடியது.

1902 ஆம் ஆண்டில் மூணாற்றிற்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே முதலில் அமைந்தது ஒற்றைத் தண்டவாளப் பாதை. ஈவிங் முறை என்று அதற்குப் பெயர். சாலை ஓரத்தில் ஒரே ஒரு தண்டவாளம்; வண்டியின் சக்கரங்கள் அதன்மேல் உருளும். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு கை நீண்டு, அதன் முனையில் உள்ள பெரிய சக்கரம் தரையில் ஓடும். ஒற்றைக் காலை ஊன்றிக் கைத்தடியால் தன்னைத் தாங்கி நிற்கும் முதியவரை நினைத்துக் கொண்டால் போதும். பாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பங்கைத் தண்டவாளம் தாங்கும்; எஞ்சிய சிறு பங்கே தரைச் சக்கரத்திற்கு. மூணாற்றில் இவ்வண்டியை இழுத்தவை மாடுகள்.

1908 ஆம் ஆண்டில் அவ்வொற்றைப் பாதை நீக்கப்பெற்று, இரண்டு அடி அகலமுள்ள குறும்பாதை அமைக்கப்பெற்றது. நம் பாலக்காட்டு வழியாகச் செல்லும் அகலப் பாதை ஐந்தரை அடி. அதனோடு ஒப்பிட்டால் இது விளையாட்டு ரெயில் போலத் தோன்றும். ஆயினும் மலை வளைவுகளில் திரும்புவதற்கு அச்சிறுமையே வலிமை. நீராவி எஞ்சின்கள் மாடுகளின் இடத்தைப் பெற்றன. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்பவை நிலையங்கள். இன்று மஞ்சு தவழும் காட்சியைக் காணப் பலரும் செல்லும் டாப் ஸ்டேஷனுக்கு அப்பெயர் வந்த காரணம் அவருள் எத்துணைப் பேர்க்குத் தெரியுமோ! மலை உச்சியில் இருந்த ரெயில் நிலையம் என்பதே அதன் பொருள்.

டாப் ஸ்டேஷன் வரை ரெயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. மேலே டாப் ஸ்டேஷன் இருந்தமையால் கொட்டகுடிக்குப் ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்று பெயர் வழங்கிற்று. அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு 15 கிலோமீட்டர் மாட்டு வண்டி. போடிக்கு அப்போது ரெயில் இல்லை. எனவே அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம் வரை சாலைவழிப் பயணமே. பின்னர்த் துறைமுகம், பின்னர்ச் சீமைக் கப்பல். மாடு, நீராவி, கம்பிவடம், மீண்டும் மாடு, மீண்டும் நீராவி என ஒரு பெட்டித் தேயிலை இத்தனை கை மாறிற்று. தேயிலை இறங்கிய அப்போடி வழியே மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் கூலி மக்கள் கங்காணிகளின் பின்னே மலையேறினர். கம்பிவடம் பெட்டிகளுக்கு, மக்களுக்குக் கால்நடையே.

1924 ஆம் ஆண்டு ஆடி மாதத்துப் பெருவெள்ளம் இவை யாவற்றையும் குலைத்தது. கொல்லம் ஆண்டு 1099 இல் நிகழ்ந்தமையால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று மலையாள நாட்டில் இன்றளவும் பேசப்படும் வெள்ளம் அது. மலைகள் சரிந்தன, பாலங்கள் பெயர்ந்தன, ரெயில் பாதை அழிந்தது. மீண்டும் அதனை அமைத்தாரிலர். ஆலுவாயிலிருந்து அடிமாலி வழியாக மூணாற்றிற்குப் புதிய சாலை 1931 இல் திறக்கப்பட்டது. மூணாற்று நிலையக் கட்டடம் பிற்காலத்தில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரெயில் வந்ததோ 1928 இல். மலைமேல் ரெயில் இருந்தபோது அடிவாரத்தில் ரெயில் இல்லை. அடிவாரத்திற்கு ரெயில் வந்தபோது மலைமேல் இல்லை. நான்கே ஆண்டு இடைவெளியில் இரண்டும் ஒன்றையொன்று காணாமற் போயின. அப்போடிப் பாதையும் அகலப்படுத்துவதற்காக 2010 ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பெற்று, 2023 ஜூன் மாதத்தில் மறுபடியும் போடி வரை ரெயில் வந்தது.

நிற்க. இத்தனை செய்தியில் அச்சக்கரம் தானே உரைத்தது எத்துணை? தன் விட்டத்தையும் எடையையும் அது சொல்லும். தேய்மானத்தைக் கொண்டு நெடுந்தொலைவு ஓடியது என்று சொல்லும். 1902 என்றும் 1908 என்றும் 1924 என்றும் சொன்னவை எழுத்தில் இருந்த குறிப்புகளே. அவை அழிந்திருப்பின் சக்கரம் ஊமையாகவே நின்றிருக்கும்.

பாட்டியாலா தந்த பாடம்

மூணாற்று ஒற்றைத் தண்டவாளம் தன் சக்கரத்தைக்கூட விட்டுச் செல்லவில்லையே, அஃது எவ்வாறு இருந்தது என்று காண வழியுண்டோ எனின், உண்டு. புதுடெல்லிக்குச் செல்ல வேண்டும். பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்தில் அதே ஈவிங் முறையில் கர்னல் பௌல்ஸ் என்பவர் அமைத்த ஒற்றைத் தண்டவாளப் பாதை 1907 முதல் 1927 வரை இயங்கியது. அங்கே நீராவி எஞ்சினும் ஓடியது. பாதை மூடப்பட்ட பின்னர் எஞ்சின்கள் பழஞ்சாமான்களோடு கொட்டகையில் கிடந்தன. 1962 ஆம் ஆண்டில் ரெயில் வரலாற்றில் ஈடுபாடுடைய ஒருவர் கண்ணில் அவை பட்டன. அமிர்தசரஸ் ரெயில்வே தொழிற்சாலையில் ஓர் எஞ்சினைச் செப்பனிட்டு ஓடும் நிலைக்குக் கொணர்ந்தனர். 1977 இல் திறக்கப்பெற்ற தேசிய ரெயில் காட்சிசாலையில் இன்றும் அதனைக் காணலாம்.

ஐந்து ஆண்டு முன்னரே தோன்றிய மூணாற்றுப் பாதைக்கு அப்பேறு வாய்க்கவில்லை. பாட்டியாலாவில் பழைய இரும்பைக் கண்டவர் அதன் பெருமை அறிந்தவராய் இருந்தார். அவர் அறிந்ததோ அப்பாதையைப் பற்றி எழுதப்பெற்றிருந்தவற்றால். எழுத்து முன்னே சென்றமையால் இரும்பு உலைக்களத்திலிருந்து தப்பியது.

நாசரேத்துக் கல்

மூணாற்றுக் காட்சிசாலையில் தமிழர் பெருமையோடு காணத்தக்க பொருள் மற்றொன்று உண்டு. கருங்கல் மேல் அமைந்த சூரியக் கடிகாரம். திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தூர்த் தொழிற் பள்ளியில் 1913 இல் செய்யப்பட்டது. தேரிக்காட்டு ஊரில் உருவான பொருள் மஞ்சு மூடும் மலைக்கு வந்து நாழிகை காட்டியது.

நேரக் கணக்கோடு வாழும் ரெயில்வே குடும்பத்தார்க்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1906 ஜனவரி முதல் நாள் தொட்டு நம் நாட்டின் பொது நேரம் கிழக்கே எண்பத்திரண்டரைப் பாகை நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. மூணாறோ ஏறத்தாழ எழுபத்தேழு பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே ஸ்டேஷன் கடிகாரத்தைவிட மூணாற்றுச் சூரியன் சராசரியாக 22 நிமிடம் பிந்தியே நடப்பான். பருவத்திற்கேற்ப இவ்வேறுபாடு கால் மணி நேரம் வரை கூடவும் குறையவும் செய்யும். இக்கணக்கை அறியாதவர் கல் பழுதென்பர். அறிந்தவர் கல்லும் சரி, கடிகாரமும் சரி என்பர். இன்ன ஆண்டில் இன்ன இடத்தில் செய்யப்பட்டது என்ற குறிப்பு தப்பிப் பிழைத்தமையால் நாசரேத்துத் தொழிலாளர் கைத்திறன் நூறாண்டிற்குப் பின்னும் பெயர் பெற்று நிற்கிறது.

பரம்பிக்குளத்து மரவண்டி

இடுக்கிக்கு ஒரு மறைந்த ரெயில் இருப்பது போல நமது பாலக்காட்டு மாவட்டத்திற்கும் ஒன்று உண்டு. பரம்பிக்குளம் கேரளத்தைச் சார்ந்ததாயினும், ஆங்குச் செல்வோர் பொள்ளாச்சிப் பக்கமாகச் சென்று, சேத்துமடையும் டாப் ஸ்லிப்பும் கடந்தே செல்ல வேண்டும். எல்லைக்கோடு ஒரு பக்கம், வழி மறு பக்கம் என்பது அவ்வூரின் இயல்பு. அக்காடு அன்று கொச்சி சமஸ்தானத்திற்கு உரியது. தேக்கும் ஈட்டியும் செழித்த அக்காட்டிலிருந்து மரத்தை வெளியே கொணர வழியில்லை. சமஸ்தானத்து வன அதிகாரியாய் இருந்த ஆழ்வார் செட்டி, காட்டிற்குள் டிராம் பாதை அமைக்கலாம் என்று யோசனை கூறினார். ஜெர்மனியிலிருந்து பொருள்கள் தருவிக்கப்பெற்று, 1907 இல் பாதை இயங்கத் தொடங்கியது. சாலக்குடி ரெயில் நிலையத்திலிருந்து பரம்பிக்குளம் காடு வரை அதன் நீளம் ஏறத்தாழ 50 மைல்.

அப்பாதையில் பொறியியலார் வியக்கும் பகுதி அதன் சரிவுகள். மலையின் செங்குத்தான முகத்தில் எஞ்சின் ஏற இயலாது. ஆகவே மேலே ஒரு பெரிய உருளையை நிறுத்தி, அதனைச் சுற்றி இரும்பு வடம் ஓட்டினர். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி. மறு முனையில் வெற்று வண்டி. பாரவண்டி தன் எடையால் கீழே இறங்கும்போது வெற்று வண்டியை மேலே இழுத்துவிடும். நிலக்கரி வேண்டாம், நீராவி வேண்டாம். வேகத்தை அடக்கும் பிரேக்கும் அதனைக் கையாளும் விழிப்புள்ள ஆளும் போதும். நம் கிராமத்துக் கிணற்றில் இரட்டை வாளி ஏறி இறங்குவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். ஆனால் வாளிக்குப் பதில் தேக்கு மரம். கிணற்றிற்குப் பதில் மலைச்சரிவு. வடம் அறுந்தால் விளைவு என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை.

பறவையியல் அறிஞர் சலீம் அலி 1933 ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது இப்பாதையைச் சார்ந்த குரியார்குட்டியில் தங்கினார். நாளடைவில் லாரிச் சாலைகள் வந்தன. செலவு மிகுந்து வரவு சுருங்கியது. 1963 ஆம் ஆண்டில் டிராம் நிறுத்தப்பட்டது. இரும்பு பழைய விலைக்குப் போயிற்று. காட்டிற்குள் பாலத்தின் எச்சங்களும் தண்டவாளத் துண்டுகளும் கிடக்கின்றன. ஐம்பத்தாறு ஆண்டு ஓடிய பாதையின் வரலாற்றைக் காட்டிற்குள் தேடினால் கிடைப்பது துருவே. அதன் உயிர், கொச்சி சமஸ்தானத்து ஆண்டறிக்கைகளிலும் வனத்துறைக் கோப்புகளிலும், 1911 இல் சி. அச்சுத மேனன் எழுதி வெளிவந்த கொச்சி நாட்டுக் கையேட்டிலும் உறைகிறது.

தாள்கள் எங்கே?

எல்லைப் பகுதியில் வாழும் நமக்குப் பழம் பதிவேடு தேடுவது மற்றவரினும் கடினம். அதன் காரணம் அறிந்து கொள்ளுதல் நலம். இன்றைய கேரளம் 1956 நவம்பர் முதல் நாளில் உருவாயிற்று. அதற்கு முன் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அருகே உள்ள சித்தூரும் பரம்பிக்குளமும் கொச்சிக்கு உரியவை. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கு உரியவை. இடுக்கி என்ற மாவட்டமோ 1972 இல்தான் பிறந்தது. ஆகவே மலபார்ப் பழந்தாள் வேண்டுவோர் கோழிக்கோட்டு வட்டார ஆவணக் காப்பகத்தையும், 1909 இல் கட்டி முடிந்த சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் நாட வேண்டும். கொச்சித் தாள் எர்ணாகுளத்தில். திருவிதாங்கூர்த் தாள் திருவனந்தபுரத்தில். தேயிலைக் கம்பெனிகளை நடத்திய ஜேம்ஸ் பின்லே நிறுவனத்தின் தாள்கள் கடல் கடந்து, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஆவணக் காப்பகத்தில் உள்ளன. போடி வழியே கால்நடையாய் ஏறிய மக்களின் உழைப்பால் நடந்த தொழிலின் கணக்கு குளிர்நாட்டு அலமாரியில் இருக்கிறது என்பதை எண்ணுமிடத்து நெஞ்சம் ஒரு கணம் நின்று துடிக்கிறது.

தாளின் வலிமைக்கு மூணாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1877 ஜூலை 11 ஆம் நாள் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஒரு பத்திரத்தின் மூலம் பெற்றார். 227 சதுர மைல் நிலம், முன்பணம் ரூ. 5,000, ஆண்டுக் குத்தகை ரூ. 3,000. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துக் கேரள அரசு 1971 இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கச் சட்டம் இயற்றியபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1972 இல் தீர்ப்பளித்த நீதிபதிகள் அப்பழம் பத்திரத்தையும் எடுத்து ஆராய்ந்தனர். தொண்ணூற்றைந்து ஆண்டு முன் எழுதிய தாள் நாட்டின் தலையாய நீதிமன்றத்தில் வாய்திறந்து பேசியது.

நிலம் பெற்றவர் தாள் இவ்வாறு நிலைத்தது. அந்நிலத்தில் செடி நட்டவர் தாள் என்னாயிற்று?

செக்ரோல் என்னும் சாசனம்

தோட்டத்தில் நாள்தோறும் யார் யார் வேலைக்கு வந்தனர், என்ன கூலி என்று எழுதும் ஏட்டிற்குச் செக்ரோல் என்று பெயர். அதனைக் கூலிக் கணக்கு என்றே யாவரும் கருதினர். ஆனால் அதில் எழுதிய ஒரு பெயர், அப்பெயருடையார் அவ்வாண்டில் அம்மலையில் வாழ்ந்தார் என்பதற்குச் சாசனமாகும். இன்று அச்சாசனத்தின் அருமை பலருக்கும் தெரியத் தொடங்கியுள்ளது. அட்டவணைச் சாதியினரைப் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 ஆம் நாள் வெளியாயிற்று. அந்நாளுக்கு முன்பே தம் குடும்பம் இம்மண்ணில் குடியிருந்தது என்று காட்ட இயலாதபோது, தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கேரளத்தில் சாதிச் சான்றிதழ் பெற முடியாமல் திகைக்கின்றனர். பாட்டனார் மூணாற்றில் செடி நட்டார் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வது போதாது. ஏடு சொல்ல வேண்டும். ஒரு செக்ரோல் பக்கம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரி, இவற்றின் மீது ஒரு மாணவனின் கல்லூரி இடமும் வேலையும் தொங்குகின்றன.

2020 ஆகஸ்ட் 6 ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 உயிர்கள் மாண்டன. அவருள் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தார். உயிர் போன இடத்தில் தாளைப் பற்றிப் பேசுதல் தகாது என்று தோன்றலாம். ஆனால் லயத்து வீட்டில் ஒரு குடும்பத்தின் வரலாறு முழுவதும் ஒரு தகரப் பெட்டிக்குள் இருப்பது வழக்கம். வீடு புதையும்போது அப்பெட்டியும் புதைகிறது. எஞ்சியோர் தாம் இன்னார் என்று காட்டவும் பிறர் தயவை நாட வேண்டியதாகிறது. படியெடுத்துப் பிறிதோரிடத்தில் வைத்த தாள் ஒன்று இருப்பின் அத்துணை துயரம் குறையுமன்றோ?

சங்கம் செய்யத்தக்கது

ஒலவக்கோட்டு ரெயில்வே காலனியில் வாழும் நாம் தோட்டத் தொழிலாளர் அல்லர் எனினும், நம் குடும்பங்களிலும் பலர் உறவால் மூணாறு, வண்டிப்பெரியாறு, நெல்லியாம்பதித் தோட்டங்களோடு பிணைந்தவர்கள். நம் பாட்டன்மாரின் பணிப் புத்தகங்களும், பழைய பாஸ் துண்டுகளும், ரேஷன் கார்டுகளும், மஞ்சளடித்த புகைப்படங்களும் பரண்மீது கிடக்கின்றன. போகிக்குப் போகி அவற்றில் ஒரு பகுதி தீக்கிரையாகிறது. அலுவலகத்திலே குறித்த காலம் கடந்த பைல்களைக் கழிப்பதற்கு விதி உண்டு. நிரந்தரமாக வைக்க வேண்டியவை இவை என்பதற்கும் விதி உண்டு. வீட்டிலோ முதல் விதி மட்டும் நடைபெறுகிறது.

ஆகவே நமது சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். காட்சிசாலை கட்டப் பொருள் வேண்டும், இடம் வேண்டும். பதிவேடு தொடங்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் ஐந்து பத்திகள்: வரிசை எண், பொருளின் பெயர், யாருடையது, எங்கிருந்து வந்தது, எந்நாளில் பதிந்தது. ஒவ்வொரு குடும்பமும் தன்னிடமுள்ள பழந்தாளை ஒருநாள் கொணர்ந்து காட்டட்டும். அதனைப் படமெடுத்து எண்ணிட்டபின் மூலத்தை உரியவரிடமே திருப்பித் தரலாம். படியில் ஒன்று சங்கத்திலும், ஒன்று வேறூர் உறவினரிடமும் இருக்கட்டும்.

தாளைக் காக்கும் முறையும் சில சொல்வேன். பழந்தாளைப் பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி ஒட்டிவிடலாகாது; பின்னர்ப் பிரிக்க இயலாது; தாளும் கெடும். கிழிந்த இடத்தில் பிசின் நாடா ஒட்டினால் நாளடைவில் பழுப்புக் கறை படியும். புகைப்படத்தின் பின்புறம் மை எழுதுகோலால் அழுத்தி எழுதாமல், மெல்லிய பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் குறிக்க வேண்டும். பெயர் குறிக்காத படம் அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒருவர் படமே. ஈரமற்ற இடத்தில், தூய பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் ஏடு நெடுங்காலம் வாழும். நம் மூதாதையர் ஓலைச் சுவடியை அவ்வாறன்றோ காத்தனர்!

முதியோர் நினைவும் ஒரு பதிவேடே. எந்த ஆண்டில் எந்த வழியாக மலையேறினோம், எந்தக் கங்காணியோடு வந்தோம், எந்த லயத்தில் முதல் அடுப்பு மூட்டினோம் என்று அவர் சொல்லும்போது எழுதிக் கொள்ள ஒரு பேரப்பிள்ளை அருகிருந்தால் அது போதும். நாளை எழுதலாம் என்று நாம் ஒத்திப் போடும் ஏடு, அவரோடு சேர்ந்து போய்விடும்.

மூணாற்றுச் சக்கரத்தின் கதையை எழுத்து காத்தது. அச்சக்கரத்தைச் சுழற்றியவர் யார், அதன் பாதைக்குக் கல் உடைத்தவர் யார், அது சுமந்த தேயிலையைக் கிள்ளியவர் யார் என்று நம் பேரப்பிள்ளைகள் ஒருநாள் வினவுவர். அவர்க்கு விடை கூறும் பொறுப்பு வேறெவர்க்கும் உரியதன்று. அடுத்த ஆண்டு விழாவிற்குள் நம் சங்கத்துப் பதிவேட்டில் நூறு வரிகளேனும் ஏறுமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நான் பெற்றவனாவேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!